சுவை பிறக்கும் வேளை

சிராங்கூன் சாலைக் கடைகளில் மரத்தாலான பல்லாங்குழிப் பலகை இன்றும் கிடைப்பதுண்டு. வரிசைக்கு ஏழாக 14 குழிகள். ஒரு சிறு பை நிறையச் சோழியோ புளியங்கொட்டையோ இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். காய்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லுதல், வெறுங்குழி எதிர்ப்பட்டால் அதனைத் துடைத்து அடுத்த குழியில் உள்ளதை அள்ளுதல், ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதனைப் 'பசு' என்று அக்குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளுதல் என்பவையே இதன் தலையாய விதிகள். இவற்றுள் பசு என்னும் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு ஆடிப் பார்த்தால், ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். தம் குழியில் மூன்று காய்கள் கிடக்கும்போது கண் வேறெங்கும் செல்வதில்லை. எதிராளியின் கையே வந்து நான்காவது காயை அதில் இட்டுவிட்டுப் போக நேர்ந்தால், பாட்டியும் பேத்தியும் வயது வேறுபாடின்றிக் கைகொட்டிச் சிரிக்கின்றனர்.

மலாய் மக்களின் சொங்காக் இதற்கு நெருங்கிய உறவு. அங்கும் வரிசைக் குழிகள் உண்டு. ஆயின் இரு முனைகளிலும் 'வீடு' எனப்படும் பெருங்குழி ஒவ்வொன்று அமைந்திருக்கும். கையிலுள்ள கடைசிக் காய் தம் வீட்டில் விழுந்தால் மீண்டும் ஆடும் உரிமை கிடைக்கும். இவ்வொரு விதியால் மகிழ்ச்சி வேறிடத்தில் குடிபுகுந்துவிடுகிறது. பல்லாங்குழியின் பசு எதிர்பாராமல் வரும் பேறு. சொங்காக்கின் வீடு எண்ணிக் கணக்கிட்டு அடையும் வெற்றி. பலகை ஏறத்தாழ ஒன்றே, சுவை வேறு.

அந்த நான்காம் காயின் விதியை முதன்முதலில் வகுத்தவர் பெயரை ஆட்டம் சுமந்து வரவில்லை. சுவை பிறந்த வேளையைக் கண்டு சொல்வாரும் இல்லை. ஆயின் கணினி விளையாட்டு அண்மையில் பிறந்த கலை. அதனை ஆக்கியோர் பலர் இன்றும் வாழ்கின்றனர். தாம் பட்ட பாட்டைச் சொல்லியும் வருகின்றனர். அவர்கள் சொல்வதில் ஓர் ஒற்றுமை உண்டு. விளையாட்டு என்று பெயரிட்டுத் தொடங்கிய ஒன்று நெடுங்காலம் விளையாட்டாக இருப்பதில்லை. திரையில் உருவங்கள் அசைகின்றன, ஒலி எழுகிறது, மதிப்பெண் ஏறுகிறது, எனினும் அதனை ஆடுவது வேலை செய்வது போலவே இருக்கிறது. பின்னர் ஒரு நாள், பெரும்பாலும் மிகச் சிறியதொரு மாற்றத்திற்குப் பிறகு, கை அதனை விட்டு அகல மறுக்கிறது. அந்த நாள் வரும்வரை ஆக்குவோரை வாட்டும் வினா ஒன்று உண்டு. சுவை இன்னும் வரவில்லையா, அன்றி வரவே வராதா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் அவர் சேர்த்திருப்பதை மாணவர் அறிவர். உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டைக் குறிப்பன என்றும் அவர் சொல்லியுள்ளார். (பண்ணை என்றால் இன்று கோழியும் மாடுமே நினைவுக்கு வருகின்றன. விளையாட்டு நிறுவனம் தொடங்கிப் பெயர் தேடும் தமிழ் இளைஞர் இப்பழம்பொருளை எண்ணிப் பார்க்கலாம்.) விளையாட்டு உவகைக்குக் களன் என்பது பெறப்படுகிறது. ஆயின் எந்த விளையாட்டு எந்த வேளையில் உவகையாக மலரும் என்பதை இலக்கணம் சொல்லாது, சொல்லவும் இயலாது. அது செய்து பார்த்தே அறியவேண்டியது.

1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் அப்படிச் செய்து பார்த்தவர். ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்த துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பழைய புதிரைக் கணினியில் ஆட அவர் விரும்பினார். ஐந்து சதுரங்களை நான்காகக் குறைத்தார். துண்டுகளின் வடிவங்கள் ஏழாயின. அவர் கையிலிருந்த எலக்ட்ரானிகா 60 என்னும் கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் இல்லை. எனவே அடைப்புக்குறிகளை அருகருகே இட்டே சதுரங்களைக் காட்டினார். துண்டுகள் மேலிருந்து விழுந்தன. ஆடுபவர் அவற்றைத் திருப்பி அடுக்கினார். எல்லாம் சரியாகவே நடந்தது. ஆயின் சில நொடிகளில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோயிற்று. அதுவரை அது ஒரு விந்தை, விளையாட்டன்று. நிரம்பிய வரிசையால் இனிப் பயனில்லை, அஃது ஏன் அங்கே கிடக்கவேண்டும் என்று எண்ணி அதனை மறையச் செய்தார். அந்த ஒரு விதியோடு டெட்ரிஸ் பிறந்தது. பிழை திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் ஆட்டத்தை நிறுத்தமுடியாமல் ஆடிக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். ஆக்கியவனே ஏமாற்றிக்கொண்டு ஆடத் தொடங்கும் நாள்தான் சுவை பிறந்த நாள் போலும்.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1978-இல், சப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வேறொரு வழியில் சுவை பெற்றது. வரிசைக்குப் 11 ஆக ஐந்து வரிசைகளில் 55 பகைவர்கள் திரையில் நகரவேண்டும். அக்காலத்துக் கருவிக்கு அது பெருஞ்சுமை. எல்லாரும் இருக்கும்போது மெல்ல ஊர்ந்தனர். ஒருவர் ஒருவராக வீழ்ந்து எண்ணிக்கை குறையக் குறையக் கருவியின் சுமையும் குறைந்தது, எஞ்சியவர் விரைந்தனர். இது பொறியின் குறைபாடு. திருத்தியிருக்கலாம். அவர் திருத்தவில்லை. கடைசிப் பகைவன் திரையில் பாய்ந்தோடும்போது ஆடுபவரின் நெஞ்சும் உடன் துடித்தது. அந்தத் துடிப்பே அவ்விளையாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. குறையைக் குறை என்று ஒதுக்காமல் சற்று நேரம் அதனோடு ஆடிப் பார்த்தவருக்கே இது வாய்த்தது.

1996-இல் வெளிவந்த சூப்பர் மரியோ 64 என்னும் விளையாட்டைத் தொடங்கியபோது மியாமோட்டோ ஷிகெருவின் குழு மலைகளையோ மாளிகைகளையோ முதலில் கட்டவில்லை. மரியோ ஓடவும் தாவவும் திரும்பவும், ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கவும் மட்டும் செய்து, அந்த ஓட்டத்தைப் பலகாலம் செப்பனிட்டது. வெறுந்தரையில் ஓடுவதே இன்பமாக இருந்தால் மலை வந்தபின் இன்பம் கூடும். ஓடுவது சலிப்பாக இருந்தால் மலை அந்தச் சலிப்பைச் சிறிது நாள் மறைக்கும். அவ்வளவே.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள். சிங்கப்பூரில் இக்கலையை மாணவரிடையே ஊன்றிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, சிங்கப்பூர் ஊடக மேம்பாட்டு ஆணையமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து நடத்திய கேம்பிட் விளையாட்டு ஆய்வகம். 2006-இல் தொடக்கம் பெற்ற அது 2012 வரை இயங்கியது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் அமெரிக்கா சென்றனர். நிரல் எழுதுவோர், ஓவியம் தீட்டுவோர், ஒலி அமைப்போர் எனக் குழுவாகக் கூடி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு சிறு விளையாட்டை முடித்துத் தரவேண்டும். இரண்டு மாதம் மிகக் குறுகிய காலம். சுவை வரும் வரும் என்று காத்திருக்க அதில் இடமில்லை. எனவே தொடக்கத்திலேயே கரடுமுரடான முன்மாதிரி ஒன்றைச் செய்து, அதனைப் பிறர் கையில் கொடுத்துப் பார்த்துவிடவேண்டும்.

பிறர் கையில் கொடுப்பது எளிதாகத் தோன்றலாம். மாணவருக்கு அதைவிடக் கடினமான பயிற்சி வேறில்லை. ஆடுபவர் தடுமாறும்போது ஆக்கியவர் வாய் திறக்கலாகாது. "அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நாளை அவ்விளையாட்டை வாங்கி ஆடுவோர் வீடுதோறும் ஆக்கியவர் சென்று நிற்கப்போவதில்லை. எனவே மாணவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கின்றனர். இரவு பகலாக உழைத்து அமைத்த கதவை ஆடுபவர் கண்ணெடுத்தும் பாராமல் கடந்து செல்கிறார். முக்கியமல்ல என்று எண்ணி ஓரத்தில் வைத்த பந்தையே திரும்பத் திரும்ப உதைத்து மகிழ்கிறார். அறிவுள்ள குழு அன்றிரவே கதவை விட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்கிறது.

இதில் பண்பாட்டுச் சிக்கல் ஒன்றும் உண்டு. தேக்கா உணவங்காடியில் தேநீர் ஆறும் நேரத்தில் தம் விளையாட்டை உறவினரிடம் காட்டும் இளைஞருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. "நன்றாக இருக்கிறது, தம்பி." அன்பினால் சொல்லப்படும் அச்சொல் ஆக்குவோருக்கு நஞ்சு. நம்பி விட்டால் பல மாதங்கள் வீணாகும். ஆக்கியவரின் தீர்ப்பையும் முழுமையாக நம்ப முடியாது. ஆயிரம் முறை தம் ஆட்டத்தை ஆடியவர், உப்புப் பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப்போன சமையற்காரர் போன்றவர். அவருக்கு எளிதாகத் தோன்றுவது பிறருக்கு இயலாததாக இருக்கும். அவருக்குச் சலித்துவிட்டது பிறருக்குத் தேனாக இருக்கும். புதிய நாக்கு வேண்டும். அதுவும் உண்மை பேசும் நாக்கு.

கேம்பிட் ஆய்வகத்தின் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து 2008-இல் வெளிவந்த கார்னிவேல்: ஷோடைம் என்னும் விளையாட்டு, சுவையின் இருப்பிடத்தைச் சரியாகக் கண்டுகொண்ட ஒன்று. சர்க்கசில் வித்தை காட்டும் ஸ்லிங்கி என்னும் பொம்மையே அதன் தலைவன். அவனை நடக்கவைக்கும் வேலை ஆடுபவருக்கு இல்லை. கூடாரத்தில் ஆங்காங்கே சுழலும் பிடிகள் அவனைப் பற்றிச் சுழற்றுகின்றன. உரிய கணத்தில் விட்டால் அவன் மேல்நோக்கிப் பறந்து அடுத்த பிடியைச் சென்றடைகிறான். தவறினால் கைகால் துவளக் கீழே விழுகிறான். விடும் அந்தக் கணமே விளையாட்டு. சற்று முன் விட்டால் ஒரு திசை. சற்றுப் பின் விட்டால் வேறு திசை. தோற்று விழுவதும் நகைப்புக்கு உரியதாக இருப்பதால் மறுபடி முயலத் தோன்றுகிறது. 2009-ஆம் ஆண்டின் தற்சார்பு விளையாட்டு விழாவில் தலைமைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

கணம் என்று சொல்வது இங்கே அணியன்று, அளவு. திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது. பாறை விளிம்பிலிருந்து தாவவேண்டிய ஆட்டங்களில், காலடி விளிம்பைக் கடந்தபின் பொத்தானை அழுத்தினால் கணக்குப்படி தாவல் நிகழக்கூடாது; வீழ்ச்சியே முறை. அவ்வாறு அமைத்தால் ஆடுபவர், "அழுத்தினேனே!" என்று சினந்து விட்டுவிடுகிறார். எனவே தேர்ந்த ஆக்குநர் விளிம்பைக் கடந்தபின்னும் ஐந்தாறு படங்களின் அளவு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, அருள்கூர்ந்து இடம் தருகின்றனர். அப்படி ஒரு சலுகை இருப்பதை ஆடுபவர் அறிவதில்லை. ஆட்டம் நேர்மையானது என்று மட்டும் உணர்கிறார். இயல்பாக இமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என்று கொண்டு, குற்றியலுகரத்தை அதில் பாதி என்று அளந்த இலக்கண மரபில் வந்தோருக்கு இந்த நுட்பம் வியப்பளிக்கவேண்டியதில்லை. அரை மாத்திரை பிசகினால் செவி உறுத்தும். ஐந்து படங்கள் பிசகினால் கை உறுத்தும். மாதக்கணக்கில் சுவையின்றிக் கிடந்த ஆட்டம் இத்தகைய ஓர் எண்ணை மாற்றியதும் உயிர் பெற்றுவிடுவது உண்டு. 'இன்னும் வரவில்லை' என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே. அது மாயையாக மாறுவதற்கும் இதுவே வாயில். அடுத்த எண்ணில், அதற்கடுத்த எண்ணில் என்று தேடிக்கொண்டே இருக்கலாம்.

சுவை என்றால் உவகை ஒன்றே என்று கொள்வதும் பொருந்தாது. அதே ஆய்வகம் 2010-இல் எலூட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. மனச்சோர்வு நோயுற்றோரின் உள்நிலையை அவர்தம் சுற்றத்தார் உணர்வதற்காக ஆக்கப்பட்டது அது. அங்கே ஆடுபவர் மகிழ்ந்தால்தான் தோல்வி. மெய்ப்பாடுகள் எட்டு, அவற்றுள் அழுகையும் ஒன்று. ஆக்கியோர் கருதிய மெய்ப்பாடு ஆடுபவரிடம் தோன்றிற்றா என்பதே அங்குக் கேட்கவேண்டிய வினா. அதற்கும் செய்து பார்த்தலன்றி வேறு வழியில்லை.

சிறு குழுக்களின் கதை இவ்வாறிருக்க, பெருநிறுவனத்தின் கதை வேறு. பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008-இல் சிங்கப்பூரில் தன் கிளையைத் திறந்தது. 2012-இல் வெளிவந்த அசாசின்ஸ் கிரீட் 3 என்னும் விளையாட்டில் கடற்போர்ப் பகுதியை ஆக்கியவர்கள் சிங்கப்பூர்க் கிளையினர். பெரும்பகுதி நிலத்தில் நிகழும் அவ்விளையாட்டில் கப்பலேறிப் பீரங்கி தொடுக்கும் பகுதி ஆடுவோர் உள்ளத்தைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த பிளாக் ஃபிளாக்கில் கடலே மையமாயிற்று. பகைக் கப்பலைப் பீரங்கியால் தளர்த்துவர், அருகணைவர், கயிற்றில் தொங்கி அதன் தளத்தில் குதித்து வாட்போர் புரிவர். சிங்கப்பூரில் சுவை பிறந்துவிட்டது என்று எவரும் கருதியிருப்பர். அதனையே தனி விளையாட்டாக விரித்தால் வெற்றி உறுதியன்றோ?

ஸ்கல் அண்ட் போன்ஸ் என்னும் அவ்விளையாட்டு 2017 ஜூனில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலே அதன் களம். 2018-இல் வெளிவரும் என்றனர். ஒத்திவைத்தனர்; மீண்டும் ஒத்திவைத்தனர். இடையில் அதன் போக்கு பலமுறை மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. முடிவில் 2024 பிப்ரவரி 16 அன்று வெளிவந்தது. கப்பலோட்டமும் பீரங்கிப் போரும் பாராட்டப் பெற்றன. முழு விளையாட்டுக்கோ கலவையான வரவேற்பே கிடைத்தது. ஆடுவோர் பலர் சுட்டிய குறை, பகைக் கப்பலில் தாமே குதித்துப் போரிட முடியவில்லை என்பது. கப்பலைக் கைப்பற்றுவது அதில் ஒரு காட்சியாக ஓடி முடிந்துவிடுகிறது.

இங்கே எண்ணத்தக்கது ஒன்று உண்டு. பிளாக் ஃபிளாக்கில் சுவைத்தது கடல் மட்டுமன்று. கடலிலிருந்து தளத்திற்கும், தளத்திலிருந்து கரைக்கும் மாறிய அந்த மாற்றமும் சுவைத்தது. விருந்தில் ஊறுகாய் சுவைத்தது என்று ஊறுகாயையே விருந்தாக்கினால் என்ன ஆகும்? ஒரு பகுதியில் பிறந்த சுவை முழுமைக்கும் சொந்தமாகிவிடாது. முழுமையில் அது மறுபடி பிறக்கவேண்டும். அதற்குக் காத்திருந்த ஆண்டுகளில் உழைத்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். திறமை குறைந்தவர் செய்திருந்தால் கடலலை அவ்வளவு அழகாக எழுந்திராது. ஆயின் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்துவிட்ட பிறகு 'வராது' என்று சொல்வதற்கு யாருக்குத்தான் நா எழும்? செலவு கூடக் கூட, இன்னும் வரவில்லை என்று நம்புவதே எளிதாகிறது.

இதற்கு நேர்மாறாக, தி ஜென்டில்பிரதர்ஸ் என்னும் சிங்கப்பூர்க் குழு மூவராகத் தொடங்கி, 2017-இல் கேட் குவெஸ்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஒரு பூனை நாட்டுப் படத்தின் மீதே நடந்து திரிகிறது. படத்தைப் பார்த்துவிட்டு நாட்டுக்குள் செல்லவேண்டியதில்லை, படமே நாடு. ஓரிரு பொத்தான்களால் தாக்கலாம், விலகலாம். 2019-இலும் 2024-இலும் அதன் தொடர்ச்சிகள் வந்துள்ளன. மூவர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, ஒருவாரப் பணியைக் குப்பையில் இடுவோம் என்று ஒருவர் சொன்னால் மற்ற இருவர் முகம் சுளிப்பர்; பிறகு இட்டுவிடுவர். அந்த உரிமை பெருங்குழுக்களுக்கு இல்லை. பணம் அவர்களிடம் இருக்கிறது.

இன்று சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இக்கலையைப் பயிலும் மாணவருள் தமிழ் மாணவரும் உள்ளனர். இறுதியாண்டு ஒப்படைப்பு நெருங்கும் வாரங்களில் அவர்கள் முன் நிற்கும் தேர்வு எளிதன்று. பத்து நிலைகள் கட்டியாயிற்று; எதிலும் சுவையில்லை. மூன்றாம் நிலையில் ஊஞ்சலொன்று மட்டும், பிழையால் சற்று மிகுதியாக ஆடுகிறது. நண்பர்கள் வந்தால் அதில்தான் ஏறுகின்றனர். ஒன்பது நிலைகளையும் நீக்கிவிட்டு அந்த ஊஞ்சலிலிருந்து மறுபடி தொடங்க எஞ்சியிருப்பது மூன்று வாரம். மதிப்பெண் இடும் ஆசிரியர் பத்து நிலைகளை எண்ணிப் பார்ப்பாரா, ஊஞ்சலில் ஏறிப் பார்ப்பாரா என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சிலர் பத்தையும் ஒப்படைக்கின்றனர். சிலர் நீக்குகின்றனர். அப்படி நீக்கியவர்களின் அறையில் ஒரு மாலை, சோதிக்க வந்த அடுத்த வகுப்பு மாணவி, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று மூவர் சொல்லியும், "இன்னும் ஒரே ஒரு தடவை, அண்ணா" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வதுண்டு.